எரிக்கும் முன் எடுக்க வேண்டியது

உடையப்பன் செத்து நாலு மணி நேரமாகியும் அவன் நெஞ்சுக்குள் இருந்த பேட்டரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வடுவம்பட்டியில் அது தெரிந்த ஒரே ஆள் அவன் பெண்டாட்டி வள்ளிக்கண்ணு. ஐஸ்பெட்டிக்குள் மாலையும் கழுத்துமாகப் படுத்திருந்தவனை வந்தவர்களெல்லாம் பார்த்தார்கள், அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள். "கை ஆடாம கால் ஆடாமத் தூங்குறவரு மாதிரில்ல கெடக்காரு" என்றார்கள். வள்ளிக்கண்ணு தலைமாட்டில் உட்கார்ந்து அவனுடைய வலது கழுத்தெலும்புக்குக் கீழே, துண்டு போட்டு மூடியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. சாயந்திரம் அஞ்சு மணிக்கு எடுத்துவிடுவது என்று பங்காளிகள் பேசி முடித்திருந்தார்கள். அஞ்சு மணிக்கு எடுத்தால் ஆறு மணிக்குள் விறகில் வைத்துவிடுவார்கள். விறகில் வைத்தால் அது வெடிக்கும். கொள்ளி வைக்கப்போகிறவன் மூத்தார் மகன் நிலவழகன், கைக்குழந்தைக்காரன்.

சித்திரை மாதம் முந்திரிக்காரனுக்கு வீட்டில் இருக்க நேரம் கிடையாது. பழம் ராத்திரியோடு ராத்திரியாக உதிரும். விடிவதற்குள் போய்ப் பொறுக்காவிட்டால் நரியும் ஆடும் பங்குக்கு வந்துவிடும். உடையப்பன் அன்றைக்கும் அஞ்சு மணிக்கே வாளியைத் தூக்கிக்கொண்டு முந்திரிக் கொல்லைக்குப் போனான். வள்ளிக்கண்ணு பழையதைக் கரைத்து, ரெண்டு சின்ன வெங்காயத்தை மடியில் கட்டிக்கொண்டு ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தபோது முக்கால் வாளிக்குக் கொட்டை திருகிப் போட்டிருந்தது. ஆள் மரத்தடியில் ஒருக்களித்துக் கிடந்தான். மாரடைப்பு என்று கந்தர்வக்கோட்டை டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். விரலில் பழச்சாறு இன்னும் காயவில்லை. அந்த விரல் ஆடாமல் அசையாமல் கொட்டை திருகியதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதையில் பாதி பொய்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் வலது கைப் பெருவிரலில்தான் ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவதுபோல ஆடும். "என்னய்யா, காசு எண்ணுறியா?" என்று டீக்கடையில் கேலி பண்ணினார்கள். பிறகு கை முழுக்க ஆடியது. பிறகு இடது கையும் சேர்ந்துகொண்டது. நிலைப்படியைத் தாண்ட முடியாமல் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்; மனிதன் அங்கேயே நின்று விழிப்பான். சோற்றை அள்ளினால் வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் கிடக்கும். தஞ்சாவூர் டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் ரெண்டு மணி நேரம் மனிதன், அப்புறம் மரக்கட்டை. அளவைக் கூட்டினால் உடம்பு நெளிந்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் காபி டம்ளரைத் தட்டிவிட்டு அவன் உள்ளே போய் அழுததை வள்ளிக்கண்ணு கதவிடுக்கில் பார்த்தாள்.

தஞ்சாவூர் டாக்டர்தான் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். மண்டையில் ரெண்டு ஓட்டை போட்டு, உள்ளே வயர் இறக்கி, தோலுக்கடியிலேயே கழுத்து வழியாகக் கொண்டுவந்து நெஞ்சில் ஒரு பேட்டரியோடு சேர்த்துவிடுவார்கள். அது விடாமல் மூளைக்கு மின்சாரம் கொடுக்கும்; நடுக்கம் அடங்கும். நோய் போகாது, நடுக்கம் அடங்கும். "மகள் கல்யாணத்துக்கு" என்று ஊரில் சொல்லிவிட்டுக் கொல்லையில் ஒரு துண்டை விற்றார்கள். "மாப்பிள்ள பாக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினார்கள். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை வேண்டும் என்பார்கள். இவர்களுக்கு ரெண்டு அப்போதே ஆகிவிட்டது.

மயக்கம் கொடுக்காமல், ஆளை விழிக்க வைத்துக்கொண்டேதான் செய்தார்கள். அதை உடையப்பன் அவளிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

"போர் போடுற மாதிரி சத்தம் வள்ளி, என் மண்டைக்குள்ளயே. வலிக்கல. வெரலைத் தட்டுங்க, ஊரு பேரு சொல்லுங்கன்னு ஒரு பொம்பள டாக்டரு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வடுவம்பட்டி, வடுவம்பட்டின்னு சொல்றேன். திடீர்னு கை நின்னுபோச்சு. வேற யாரோட கையோன்னு நெனச்சேன். அழுதுட்டேன். அழாதீங்க, தலை ஆடுதுன்னாங்க."

ஏன் மறைத்தார்கள் என்று கேட்டால், ஊரைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். வயிற்றைத் திறந்தால் ஆபரேஷன். மண்டையைத் திறந்தால் பைத்தியம். 'மூளைக்கோளாறு உள்ள குடும்பம்' என்று ஒரு வாய் சொன்னால் போதும், மகள் இலக்கியாவுக்கு வந்த சம்பந்தம் வந்த வழியே போய்விடும். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. அதனால் வழித்த தலைக்கு வழி கண்டுபிடித்தார்கள். சமயபுரத்தில் மொட்டை போட்டுக்கொண்டோம் என்றார்கள். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசுவது ஊர் வழக்கம். தையல் மேலெல்லாம் அப்பிக்கொண்டு உடையப்பன் பஸ்ஸை விட்டு இறங்கினான். கை ஆடவில்லை. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சாமி காரியம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

ரெண்டு மாதம் கழித்து ஆனியில் அய்யனார் கோவில் புரவியெடுப்பு. ஊரே மண்குதிரையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போன நேரம். சாமியாடி வேறு யாருமில்லை, உடையப்பனின் அண்ணன் முத்துராமன். அவர்மேல் சாமி வந்தது. கூட்டத்தில் நின்ற தம்பியின் ரெண்டு கையையும் பிடித்துத் தூக்கி, "இந்தக் கைய நாந்தான்டா கட்டினேன்" என்றது சாமி. குலவைச் சத்தம் அடங்க வெகுநேரமாயிற்று. உடையப்பன் தூக்கிய கையோடு நின்றான். வள்ளிக்கண்ணு ரெண்டடி தள்ளி நின்றாள். அந்த இடத்தில் வாயைத் திறக்க எந்தப் பயலுக்குத் தெம்பு உண்டு?

இதோடு நின்றிருந்தால் போகட்டும், சாமிக்கு ஒரு பெருமை என்று விட்டுவிடலாம். பக்கத்து வீட்டில் பூமயில் இருந்தாளே.

பூமயிலும் வள்ளிக்கண்ணும் பதினெட்டு வருசம் ஒரே கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைத்தவர்கள். வறுத்த கொட்டையைப் பலகையில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டிப் பருப்பை முழுசாக எடுக்கவேண்டும். தோட்டின் எண்ணெய் பட்டால் கைத்தோல் உரியும்; சாம்பலைத் தொட்டுத் தொட்டு வேலை பார்ப்பார்கள். ஒருத்தி கைக்கு இன்னொருத்தி விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். அந்தப் பூமயிலின் புருசன் ஆண்டியப்பன், டிராக்டர் ஓட்டுகிறவன். அவனுக்கும் ஸ்டியரிங் பிடித்த கை ஆட ஆரம்பித்தது. ஒரு வருசம் மாத்திரை தின்றான். அப்புறம் பூமயில் அய்யனாருக்கு ரெண்டு குதிரை நேர்ந்துகொண்டாள்.

"மாத்திரைய விட்டுறாத பூமயிலு" என்று வள்ளிக்கண்ணு சொன்னாள்.

"மாத்திரையும் தின்னுக்கிட்டுச் சாமியவும் கும்புட்டா, சாமி என்னக்கா நெனைக்கும்? அண்ணன் மாத்திரை தின்னா நின்னுச்சு?" என்று பூமயில் கேட்டாள்.

வள்ளிக்கண்ணு அன்றைக்கு ராத்திரி புருசனிடம் சண்டை போட்டாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இப்பச் சொன்னா அண்ணன் மூஞ்சியில நான் எப்புடி முழிக்கிறது" என்றான். இலக்கியா கல்யாணம் முடியட்டும் என்றார்கள். முடிந்தது. குழந்தை பிறக்கட்டும் என்றார்கள். பிறந்தது. ஆண்டியப்பன் இப்போது மூணு வருசமாக நினைவு தடுமாறிக் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறான்.

இலக்கியா திருப்பூரிலிருந்து வந்து இறங்கும்போது மணி பதினொன்று. அப்பன் மேல் விழுந்து அழுதவளை வள்ளிக்கண்ணு தோளைத் தொட்டு எழுப்பி, முகம் கழுவக் கூட்டிப் போவதுபோல மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப் போனாள்.

"அந்தச் சென்னைக்காரருக்குப் போன் போடு. அப்பாவுக்கு ரிமோட்டு வச்சுத் திருத்துவாருல்ல, ரகுநாத்து. அவருக்கு."

"எதுக்கும்மா இப்ப?"

"எரிக்கிறதுக்கு முந்தி எடுக்கணும்னு ஆஸ்பத்திரியில குடுத்த அட்டையில போட்டிருந்துச்சு. ஒனக்கு நெனவில்லையா?"

இலக்கியா நம்பரைத் தேடி எடுத்தாள். போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ரகுநாத் விசயத்தைக் கேட்டு ரெண்டு நிமிடம் வருத்தம் சொன்னான். பிறகு நிதானமாகப் பேசினான்.

"அம்மா, ரெண்டே வேலைதான். ஒங்ககிட்ட இருக்கிற ரிமோட்டை வச்சு மொதல்ல ஆஃப் பண்ணுங்க. அப்புறம் நெஞ்சுல இருக்கிற பேட்டரியை மட்டும் எடுத்திரணும். பழைய தழும்பு மேலயே கீறினாப் போதும். வயரை வெட்டிவிட்ரலாம், தலைக்குள்ள இருக்கிறது இருந்துட்டுப் போகட்டும்."

"எடுக்கலேன்னா?"

"சூட்டுல வெடிக்கும்மா. கிட்ட நிக்கிறவங்களுக்கு அடிபடும்."

"இப்பவும் ஓடுதா தம்பி?"

"ஓடும்மா. அவரு போனது அதுக்குத் தெரியாது."

வள்ளிக்கண்ணு கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. சத்தம் வெளியே கேட்காமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்தில் கன்றுக்குட்டி அவள் புடவையை நக்கியது. இலக்கியா அதைத் தள்ளிவிட்டாள்.

"பொதைச்சிரலாமேம்மா. பொதைச்சா ஒண்ணும் ஆகாதுல்ல. யாருக்கும் சொல்லவும் வேணாம்."

"அதுக்கும் ஒங்க பெரியப்பாதான் சொல்லணும். கூப்புடு."

முத்துராமன் தோளில் துண்டோடு வந்தார். அறுபத்திரண்டு வயது. காலையிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்ற ஆட்களை ஏவிக்கொண்டிருந்தவர். தம்பி பெண்டாட்டி தன்னைத் தனியாக அழைத்ததே அவருக்குப் புதிது.

"மாமா, ஒரு விசயம். கோவப்படாமக் கேளுங்க."

"சொல்லாத்தா. இன்னக்கி ஒன்மேல யாரு கோவப்படப் போறா."

அவள் சொன்னாள். நின்றபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை.

"எப்ப நடந்துச்சு இது?"

"அந்தப் புரவியெடுப்புக்கு ரெண்டு மாசம் முந்தி மாமா."

"அப்ப மொட்டை?"

"ஆஸ்பத்திரியில அடிச்சது."

"சந்தனம்?"

"தையல மறைக்கப் பூசுனது."

முத்துராமன் கவிழ்த்துப் போட்டிருந்த தவிட்டுத் தொட்டிமேல் உட்கார்ந்தார். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் வேணும்னு சொல்லல ஆத்தா. எனக்குள்ள வந்து சொல்லுச்சு. இப்பவும் எனக்கு அது பொய்னு தோணல."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சும் எனக்கு எதுத்தாப்புல கைகட்டி நின்னீங்க ரெண்டு பேரும். அவன் என் தம்பி. எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கணும். ஒங்களப் பாத்துக் கூச்சப்பட்டுக்கிட்டே அஞ்சு வருசத்தையும் ஓட்டிட்டாரு."

இலக்கியா இடையில் வந்து, "பெரியப்பா, பொதைச்சிரலாமா?" என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணம் ஆகாததையும் பச்சப்புள்ளையவும்தான் நம்மள்ல பொதைக்கிறது. ஒங்கப்பன் வாழ்ந்த மனுசன்ம்மா. பேரன் எடுத்தவன். அவனக் கொண்டுபோயிக் குழிக்குள்ள போடச் சொல்றியா?"

"அப்ப பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி எடுத்துட்டு வரலாம்."

"அங்க கொண்டுபோனா எழுத்து, கையெழுத்துன்னு இன்னக்கிப் பொழுதுக்குள்ள ஆகாது. தவிர, வாசலத் தாண்டுன பொணம் திரும்ப வாசலுக்கு வரக்கூடாது." அவர் எழுந்து துண்டை உதறினார். "கந்தர்வக்கோட்டையில சவரிநாதன் இருக்காரு. ஆவூர்க்காரரு. பெரியாஸ்பத்திரி அறுக்குற ரூமுல முப்பது வருசம் வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவரு. வண்டி அனுப்புறேன். குளிப்பாட்டுறப்ப, சேலை மறைப்புக்குள்ளயே முடிச்சிரட்டும். நீ மட்டும் உள்ள இரு."

"சரி மாமா. வெளிய தெரியாம..."

"தெரியணும் ஆத்தா. குளிப்பாட்டுற நாலு பேரு பாப்பான். நாளைக்கு நாலு விதமாப் பேசுவான். ஊரைக் கூட்டி நான் சொன்னேன். ஊரைக் கூட்டி நாந்தான் அந்த வாக்கத் திரும்ப எடுக்கணும்."

சொன்னபடியே செய்தார். பந்தலுக்குப் போய்க் கொட்டுக்காரர்களைக் கையமர்த்தினார். தம்பியின் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பேசினார். "என் தம்பி கை நடுக்கம் நின்னது ஆஸ்பத்திரி வைத்தியத்துல. மண்டைக்குள்ள வயரு வச்சு நிறுத்தியிருக்காங்க. அய்யனாரு நிறுத்துனாருன்னு அன்னக்கி என் வாயில வந்துச்சு. அது தப்பு. சாமி தப்பில்ல, சொன்ன வாய் தப்பு. அந்த மிஷினை இப்ப எடுத்துட்டுத்தான் தூக்கணும்." சித்திரை வெயில் பந்தலின் கீற்று இடுக்குகளில் இறங்கி எல்லோர் முகத்திலும் விழுந்திருந்தது.

வள்ளிக்கண்ணு திரும்ப வந்து பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்த பூமயில் கையை எடுத்தாள். மெதுவாகத்தான் எடுத்தாள். பிறகு எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். ரெண்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தால் வள்ளிக்கண்ணுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சவரிநாதன் மூணரை மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, பையில் கையுறையும் கத்தியும். கொல்லைப்புறத்தில் பெஞ்சு போட்டு உடையப்பனைக் கிடத்தி, சுற்றிலும் நாலு சேலையை ஆட்கள் வெளியே பார்த்தபடி பிடித்துக்கொண்டார்கள். உள்ளே சவரிநாதன், முத்துராமன், வள்ளிக்கண்ணு மூணு பேர்தான். சவரிநாதன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மொதல்ல ஆஃப் பண்ணனும்னு சொன்னாங்களாமே. பண்ணிருங்கம்மா."

கல்யாணப் புடவைக்குள் சுற்றிப் பீரோவில் வைத்திருந்த ரிமோட்டை அவள் கொண்டுவந்திருந்தாள். அதைப் புருசன் நெஞ்சில் அந்த மேட்டின்மேல் வைத்தாள். ஐஸ்பெட்டிச் சில்லிப்பு கையில் ஏறியது. இந்தப் பொத்தானை அவள் இதற்கு முன் ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்து காட்டச் சொன்னபோது அழுத்தியிருக்கிறாள். அழுத்தி மூச்சு விடுவதற்குள் அவன் கை ரெண்டும் தாறுமாறாக ஆட ஆரம்பித்து, "போடு வள்ளி, போடு வள்ளி" என்று கதறினான். அன்றைக்கே அவள் முடிவு பண்ணினாள், சாகிறவரைக்கும் இதை அணைக்கக் கூடாதென்று.

அழுத்தினாள். ரிமோட்டில் விளக்கு அணைந்தது.

அவள் அவன் கையைப் பார்த்தாள். புத்திக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியவில்லை. விரல் ஆடும் என்று பார்த்தாள். ஒரு விரல், ஒரு துடிப்பு, ஆடினால் போதும் என்று இருந்தது. எந்த நடுக்கத்தை நிறுத்தக் கொல்லையை விற்று, ஊரை ஏமாற்றி, மண்டையைத் திறந்து கொடுத்தார்களோ, அந்த நடுக்கத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "ஆட்டுங்க, ஒரே ஒரு தரம் ஆட்டுங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். முத்துராமன் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"போதும் ஆத்தா. இங்கிட்டுப் பாரு."

சவரிநாதன் கை பழகிய கை. தழும்பின்மேல் கீறி, விரலை விட்டு நெம்பி எடுத்து, வயரை வெட்டி, ரெண்டு தையல் போட்டு முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எடுத்ததைத் தண்ணீரில் அலசித் துணியில் சுற்றினார். "தீப்பெட்டியவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் கையில் கொடுத்தார். அவள் அதை ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டு மடியில் செருகிக்கொண்டாள். அப்புறம் குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசி போட்டு, கொட்டு முழங்க உடையப்பனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருமுனை வரைக்கும்தான் பெண்களுக்கு வழி. வள்ளிக்கண்ணு மண்ணில் விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு அவள் நடையில் உட்கார்ந்திருந்தாள். இலக்கியா குழந்தைக்குப் பால் கொடுக்க உள்ளே போயிருந்தாள். பொழுது சாய்ந்து கொண்டிருந்தது. சாவு வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. சுற்றி இருக்கிறவர்கள்தான் சோறு கொண்டுவர வேண்டும். யாரும் கொண்டுவருவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பூமயில் தூக்குச்சட்டியோடு வந்தாள்.

சோற்றைத் தட்டில் போட்டு ரசத்தை ஊற்றி, அவள் முன்னால் நகர்த்தினாள்.

"ரெண்டு வாய் தின்னுக்கா."

"எறங்காது பூமயிலு."

"எறங்காதுதான். எனக்கு மூணு வருசமா எறங்கல. தின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்."

வள்ளிக்கண்ணு கையை நனைத்தாள். ஒரு கவளம் எடுத்தாள்; வைத்துவிட்டாள்.

"என்னைய வையி பூமயிலு. நாலு வார்த்தை நல்லா வஞ்சிரு. மனசுல வச்சுக்கிட்டு எனக்குச் சோறு போடாத."

"வையிறதுக்கு எனக்கு நேரமில்லக்கா. அவருக்குக் கஞ்சி குடுக்கணும். ஒரு கரண்டி முழுங்க அரை மணி நேரமாகுது." பூமயில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்ட வந்து உட்கார்ந்தாள். "அது எங்கக்கா இருக்கு?"

"எது?"

"அண்ணன் நெஞ்சுல இருந்து எடுத்தாங்களே, அது."

வள்ளிக்கண்ணுக்குப் புரியவில்லை. மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எங்கிட்டத்தான் இருக்கு. ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுக்கணும்."

"கரண்டு இன்னும் இருக்கும்ல அதுல?"

"இருக்கும். எதுக்குக் கேக்குற?"

"எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்கா. அண்ணனுக்கு இனிமே எதுக்கு. நாளைக்கே ஆம்புலன்சு புடிச்சு, நீங்க போன ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போறேன். மிஷினு கையிலயே இருக்குன்னா வச்சு விடுறது மட்டுந்தானே. நான் ஒன்ன ஒண்ணுமே கேக்கலக்கா. ஏன் மறைச்சேன்னு கேக்கல. இத மட்டும் குடு."

கேட்டவள் குரலில் கோபம் இல்லை. ஆசைதான் இருந்தது. வள்ளிக்கண்ணு அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல் தட்டைப் பார்த்தாள்.

"ஒருத்தருக்கு வச்சது இன்னொருத்தருக்கு ஆகாது பூமயிலு. தலைக்குள்ள வேற வயரு இருக்கு. அது இல்லாம இது வெறும் இரும்பு."

"வயரு அவங்க போடுவாங்கல்ல."

"ஒன் வீட்டுக்காரருக்கு இப்பப் போடமாட்டாங்க. மாத்திரைக்குக் கேக்குற ஒடம்புக்குத்தான் இதுவும் கேக்குமாம். படுக்கையில விழுந்து, நெனவு தப்பிப் போனவங்களுக்கு வைக்கிறதில்லையாம். நான் கேட்டுட்டேன்."

"எப்பக் கேட்ட?"

வள்ளிக்கண்ணு தட்டில் சோற்றை விரலால் ஒதுக்கினாள்.

"எப்பக்கா கேட்ட?"

"நாலு வருசம் முந்தி. இவரக் காட்டப் போனப்ப. பேரு சொல்லாம, எங்க ஊருல ஒருத்தருன்னு கேட்டேன்."

"நாலு வருசம் முந்தி அவரு நடந்துக்கிட்டிருந்தாரு" என்றாள் பூமயில். "மாத்திரைய விட்டு ஆறு மாசம்தான். நடந்துக்கிட்டுத்தான் இருந்தாரு. குதிரைய அவருதான் தோள்ல தூக்குனாரு. அப்ப என்ன சொன்னாங்க?"

"படுக்கையில விழுறதுக்கு முந்தியே கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்னு சொன்னாங்க."

வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள். பூமயில் சோற்றுத் தட்டில் வந்து உட்கார்ந்த ஈயை விரட்டினாள். மறுபடி வந்தது, மறுபடி விரட்டினாள். வள்ளிக்கண்ணு அவள் காலைத் தொடக் குனிந்தாள். பூமயில் காலை இழுத்துக்கொண்டாள்.

"இப்ப ஆகாதுங்கிற."

"ஆகாது பூமயிலு. என் மக மேல சத்தியமா ஆகாது."

"சாமின்னு ஊரு சொன்னப்ப நீ பேசாம நின்ன. நம்புனேன். இப்ப ஆகாதுன்னு நீ வாயத் தொறந்து சொல்ற. இத நான் எப்புடிக்கா நம்புறது?"

கையை நீட்டினாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோலுரிந்து கறுத்த கை. வள்ளிக்கண்ணு எத்தனையோ நாள் விளக்கெண்ணெய் தடவிவிட்ட கை. அதில் வைக்க அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. மடியிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தாள். பூமயில் அதை முந்தானையில் முடிந்து, இழுத்துப் பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். "சோத்தத் தின்னுரு, ஆறிப்போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கீற்றுத் தடுப்புதான். பூமயில் விளக்கைப் போடுவதும், பாத்திரத்தை நகர்த்துவதும், கட்டிலோரம் உட்காருவதும் வள்ளிக்கண்ணுக்குக் கேட்டது. ஆண்டியப்பன் படுத்திருந்தால் அவன் கை நடுங்கி நடுங்கிக் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் மூணு வருசமாக அவளுக்குப் பழகிய சத்தம்.

"ஏங்க," என்றாள் பூமயில் அந்தப் பக்கம். "கொண்டாந்துட்டேங்க. அண்ணனோடதுதான். இந்தா பாருங்க, நெஞ்சுல வைக்கிறேன். கொஞ்சம் பொறுங்க, நின்னுரும்."

வள்ளிக்கண்ணு தடுப்பில் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள். கட்டில் சத்தம் நிற்கவில்லை.